ஓரத்து நிரை

ஊர்மிளாவுக்கு ஷாமிலாவின் முகத்தைவிட அவளுடைய குதிகால்களைத்தான் நன்றாகத் தெரியும். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். விடுமுறை வந்தால் போதும், இரண்டு பேரும் தோட்டம் தோட்டமாக நடக்கக் கிளம்பிவிடுவார்கள். ஒற்றையடிப் பாதையில் ஷாமிலா முன்னே போவாள், ஊர்மிளா பின்னே போவாள். மூச்சிரைக்க ஏறும்போது மலையையும் வானத்தையும் யாரால் ரசிக்க முடியும்? கண்ணில் படுவது முன்னே போகிறவளின் சப்பாத்து மட்டும்தான். சாம்பல் நிறம், சிவப்பு நாடா, இடது குதியின் வெளி ஓரத்தில் தேய்ந்த றப்பர். அந்தத் தேய்வை ஊர்மிளா கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்து காட்டுவாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த கணித ஆசிரியை அவள். வந்த புதிதில் குளிரைத் திட்டினாள், பிறகு அட்டைகளைத் திட்டினாள், திட்டி அலுத்ததும் நடக்கத் தொடங்கினாள். டிக்கோயாவில் அறை எடுத்திருந்தவள், காலையில் பஸ் ஏறாமல் ஹட்டன் வரைக்கும் நடந்தே போனாள். அதே வழியில், அதே நேரத்தில், துணிக்கடை வேலைக்கு நடந்து போனவள்தான் ஷாமிலா. முதலில் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சேர்ந்து நடந்தார்கள். கடைசியில், ஷாமிலாவின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும்வரை தேவாலய வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு சைவக்கார டீச்சர் காத்து நிற்கும் அளவுக்குச் சிநேகிதம் முற்றிவிட்டது.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த நடை பெரிய வேடிக்கை. "பஸ்ஸு ஓடலையா தங்கச்சி?" என்று வழியில் கேட்பார்கள். ஓடுகிறது என்றால், "அப்ப என்னாத்துக்கு நடக்குறீங்க?" என்பார்கள். விடிந்தால் மலைக்கும் அடைந்தால் லயத்து வீட்டுக்கும் நடந்தே தேய்ந்த கால்களுக்கு, சும்மா நடப்பதற்காக நடக்கிறவர்களைப் பார்த்தால் வேறென்ன கேட்கத் தோன்றும்? ஷாமிலா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "டீச்சருக்கு நேர்த்திக்கடனுங்க" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

அந்தப் பங்குனியில் நோட்டன் பிரிட்ஜிலிருந்து டிக்கோயா வரை நடக்கலாம் என்று சொன்னது ஷாமிலாதான். வழக்கமாக வழியைத் தேர்ந்தெடுப்பது ஊர்மிளா. அன்றைக்கு ஷாமிலா விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு பழைய தோட்டப் பாதை இருக்குங்க டீச்சர். ரோட்டை விடக் கிட்ட" என்றாள். ஊர்மிளாவும் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாமே என்று பின்னாளில் அவள் நினைத்து நினைத்துப் புழுங்கியது வேறு கதை.

முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது காற்று குளிர்ந்திருந்தது. அந்த நேரத்து நடையின் சுகம் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். கால் இன்னும் முறைப்பாடு சொல்லத் தொடங்கியிருக்காது, தோள்பை பாரமாக இருக்காது, புல்லில் இருக்கும் பனி சப்பாத்தை நனைக்கும். லயங்களில் விறகு புகையும். பாதையோரப் பீலியில், மூங்கில் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரை, கையேந்திக் குடித்தால் பல் கூசும். கட்டைச் சம்பலோடு சுற்றிக் கொண்டுபோன ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். எந்த விருந்திலும் தனக்கு இப்படி வாய் ருசித்ததில்லை என்று ஊர்மிளா வாய்விட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வெயில் ஏறியது. மலை வெயில் பொல்லாதது. காற்று குளிராகத்தான் இருக்கும், ஆனால் தோல் உரிந்துபோகும். மழையைக் கண்டு வாரக்கணக்காகிவிட்டது. பீலிகள் ஒவ்வொன்றாக வற்றிப்போய் மூங்கில் குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாதை முழுக்கச் செம்புழுதி. இரண்டு பேரும் அகலத் தொப்பியை இழுத்துவிட்டு, மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே துணி கட்டிக்கொண்டார்கள். வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்தான்.

"எனக்குக் குதியில கொப்புளம் வந்திட்டுது. உமக்கு ஏன் ஒருநாளும் வாறேல்லை?" என்று ஊர்மிளா சலித்துக்கொண்டாள்.

"இந்தச் சப்பாத்து என் காலுக்குன்னே செஞ்சது டீச்சர். வேற யாரு போட்டாலும் கடிக்கும்" என்று ஷாமிலா சிரித்தாள்.

ஒரு வளைவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம். ஒருத்தி மருமகளைப் பற்றிக் குறைப்பட்டாள், இன்னொருத்தியின் கைபேசியில் பாட்டு ஓடியது, தள்ளி நின்ற கங்காணி ஏச, எல்லோரும் சேர்ந்து அவரைக் கேலி செய்தார்கள். ஷாமிலா நின்று பார்த்தாள். ஆளுக்கொரு நிரை, அதாவது செடி வரிசை, பிரித்துக் கொடுத்திருப்பார்கள் என்றும், இடுப்பில் சுற்றியிருக்கும் முரட்டுச் சாக்குக்குப் பெயர் படங்கு என்றும் ஊர்மிளாவுக்குச் சொன்னாள்.

"நம்ம நிரையில வேற ஒருத்தி நிக்கணும்னா நம்ம படங்கைக் கட்டிவிட்டுட்டுத்தான் போகணும் டீச்சர். திரும்பி வந்ததும் அதை அவகிட்ட இருந்து நாமளே வாங்கிக் கட்டிக்கணும். எங்க தோட்டத்துல அதான் முறை."

"வாங்காட்டி?"

"அவ எறங்க முடியாது."

"ஆர் மறிக்கிறது?"

"யாரும் மறிக்க மாட்டாங்க" என்றாள் ஷாமிலா. "அது அப்படித்தான்."

அடுத்த ஏற்றத்தில் அவள் தானாகவே பேசத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு தங்கை இருந்ததும் மண்சரிவில் போனதும் ஊர்மிளாவுக்குத் தெரியும். எங்கே, எப்படி என்று அவள் கேட்டதில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்று நினைத்திருந்தாள்.

"தனுஜா மலையில வேலை செய்யிறவளே இல்ல டீச்சர். படிச்சிக்கிட்டு இருந்தவ. நான்தான் தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளு. அன்னைக்கு எனக்குத் துணிக்கடையில இன்டர்வியூ. ஒருநா போயிட்டு வந்துடுறேன், நீ என் நிரையில நில்லுடின்னு படங்கைக் கட்டிவிட்டேன். பத்தொம்பது வயசு. மழை சோன்னு கொட்டுது. மதியத்துக்கு மேல வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னேன். நான் ஹட்டன்ல இருக்கறப்பவே மலை எறங்கிருச்சு."

ஊர்மிளா பின்னால் நடந்தபடியே ஷாமிலாவின் தோள்பையை ஒரு தரம் தொட்டாள்.

"கூட நின்னவங்க எல்லாரையும் பொணமாத் தோண்டி எடுத்தாங்க. தனுஜாவை மட்டும் எடுக்க முடியல. நாலு வருசமா அம்மா தேத்தண்ணி ஊத்தறப்ப மூணு கோப்பை வைப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவ கோப்பை ஆறிப்போயி ஏடு கட்டினப்புறம்தான் எடுத்து ஊத்துவாங்க. ஒரு பொழுது தவறாது. அவளுக்குச் சீனியைக் கையில வச்சு நக்கிக் குடிச்சாத்தான் புடிக்கும். அதுக்காகச் சீனியும் பக்கத்துல வைப்பாங்க. நான் அன்னையிலருந்து சீனியை விட்டுட்டேன்."

"அம்மாவுக்கு உம்மில கோவமோ?"

"கோவப்பட்டாத் தேவலையே. ஒரு வார்த்தை கேக்கலை. பேர் சொல்லிக் கூப்பிட்டே நாலு வருசமாச்சு. 'இந்தா', 'வா', 'சாப்புடு' அவ்வளவுதான்." சிறிது தூரம் நடந்துவிட்டு, குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், அம்மாவோட மருந்து என் பையில கெடக்கு. பை பிஞ்சிருக்கு, விழுந்துரும். நீங்க வச்சிக்கங்க. சாயங்காலம் வீட்டுல குடுத்துருங்க."

"நீரும் வாறீர்தானே?"

"வெயில்ல எனக்கு மறந்துரும்."

ஊர்மிளா பொட்டலத்தை வாங்கித் தன் பையில் வைத்தாள். ஷாமிலாவின் பையில் எந்தக் கிழிசலும் கண்ணில் படவில்லை. அதைக் கவனித்தாள், ஆனால் யோசிக்கவில்லை.

பழைய பாதை ஒரு மதகுப் பாலத்தைத் தாண்டியதும் பிரிந்தது. செம்பாறை டிவிஷன் என்று எழுதிய பலகை புல்லுக்குள் சாய்ந்து கிடந்தது. சரிவுக்குப் பிறகு தோட்டத்தார் கைவிட்ட பகுதி. கவ்வாத்து வெட்டாத தேயிலை என்னவாகும் என்று ஊர்மிளா அன்றைக்குத்தான் பார்த்தாள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாகி, தலைக்கு மேலே கிளை கோத்து, வெள்ளைப் பூவும் காயுமாக நின்றன. அடியில் அரை இருட்டு. கூரைத் தகரம் கழற்றிய லயத்துச் சுவர்களில் யாரோ குழந்தை கிறுக்கிய கரிக்கோடுகள் அப்படியே இருந்தன.

சில்வண்டுச் சத்தம் நின்றுவிட்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் இருந்து காதைத் துளைத்த சத்தம். நடப்பவர்களுக்கு மட்டும்தான் இது தெரியும்: ஒரு சத்தம் நின்றால் கால் தானாக நிற்கும். ஊர்மிளா நின்றாள். ஷாமிலா நிற்கவில்லை.

தேயிலைக் காடு முடிந்த இடத்தில் மலை திறந்து கிடந்தது. உச்சியில் இருந்து அடிவாரம் வரை மண் வழித்து எடுத்த வடு. அதன் நடுவே, இருக்கவே கூடாத இடத்தில், ஒழுங்காகக் கவ்வாத்து வெட்டிய ஒரு துண்டுத் தேயிலை பச்சைப் பசேல் என்று இருந்தது. அதில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சயும் வேலை நடக்குதோ?" என்றாள் ஊர்மிளா. இந்த வறட்சியில் பக்கத்து மலையெல்லாம் கருகிக் கிடக்க, இங்கே மட்டும் இவ்வளவு கொழுந்து எங்கிருந்து வந்தது?

ஷாமிலா அந்தப் பெண்களையே பார்த்தாள். முகத்துணிக்கு மேலே அவள் கண்கள் பளபளத்தன.

பெண்கள் ஒருவரும் பேசவில்லை. ஒரு பாட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதை ஊர்மிளா இந்த மலைநாட்டில் ஒருநாளும் கண்டதில்லை. கைகள் மட்டும் எழுந்து எழுந்து கூடைக்குள் போயின. முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. உச்சி வெயிலில் எல்லோரும் தலையோடு மழைக்குப் போர்த்தும் பொலித்தீனைப் போர்த்தியிருந்தார்கள். அந்தப் பொலித்தீன் விளிம்புகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெயிலில் பார்த்த கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று ஊர்மிளா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கணக்கு டீச்சர் வேறு எப்படித் தேற்றிக்கொள்வாள்?

ஓரத்து நிரையில் கடைசியாக நின்றவள் மற்றவர்களைவிட மெலிந்தவள். வேலை பழகாதவள் என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். இரண்டு கைகளும் தடுமாறின. மற்றவர்கள் எல்லோரும் மேலே போய்விட, அவள் நிரை மட்டும் பாதியில் கிடந்தது.

"டீச்சர், நீங்க அந்த வாகை மரத்தடியில உக்காருங்க. கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் போடுங்க. நான் மேல போயிட்டு வந்துடுறேன்."

"என்னத்துக்கு? வேண்டாம், ஷாமிலா. எனக்கு இந்த இடம் பிடிக்கேல்லை. வாரும், போவம்."

"ஒருத்திக்குக் கை குடுத்துட்டு வரேன். அவ்வளவுதான்."

அவள் ஏறிப் போனாள். சிவப்பு நாடாச் சப்பாத்து செடிகளுக்கு இடையே தெரிந்து மறைந்து தெரிந்தது. ஊர்மிளா மரத்தடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தாள். அவசரத்தில் பிளாஸ்டர் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டி நிமிர்ந்தபோது மலை இல்லை. எங்கிருந்தோ இறங்கிய வெள்ளைப் புகார், அடர்ந்த மூடுபனி, எல்லாவற்றையும் மூடிவிட்டது. வெயில் காலத்து நண்பகலில் அப்படிப் புகார் இறங்குமா என்று யாரிடமும் கேட்டுக்கொள்ள அவளுக்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

"ஷாமிலா!"

குரல் பஞ்சுக்குள் போனது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கொண்டுவந்த ஊன்றுகோலை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, கையாலும் காலாலும் பற்றி ஏறினாள். கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். புகாருக்குள் மழை வாசனை அடித்தது. ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டு ஓரத்து நிரைக்கு வந்தாள்.

அங்கே இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி குனிந்து வேகமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பழகிய கை. தலையில் பொலித்தீன், இடுப்பில் படங்கு, வெறுங்கால். இன்னொருத்தி விலகி, நிரைக்கு வெளியே, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நீலத் தொப்பி, முகத்தில் துணி, முதுகில் ஷாமிலாவின் பை. ஊர்மிளா குனிந்து காலைப் பார்த்தாள். சாம்பல் நிறம், சிவப்பு நாடா, இடது குதியில் தேய்வு.

வேறு ஒன்றும் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். "போதும், வாரும்! கெதியா வாரும்!"

அந்தக் கை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. இழுத்த இழுப்புக்கு அது வந்தது. குனிந்து நின்றவள் ஒரு கணம் கொழுந்து எடுப்பதை நிறுத்தினாள். திரும்பவில்லை. பிறகு மறுபடி அவள் கைகள் ஓடத் தொடங்கின.

இறங்கும் வழி முழுவதும் ஊர்மிளா விடாமல் பேசினாள். பயத்துக்குப் பேச்சு ஒரு மருந்து. மலை ஓரத்தில் ஒரு பாதுகாப்பு வேலி இல்லை என்று தோட்டத்தாரை ஏசினாள், இனி இந்தப் பாதையில் வரப்போவதில்லை என்று சத்தியம் செய்தாள், மறந்து விட்டுவந்த ஊன்றுகோலுக்காக வருந்தினாள். முதல் தடவையாக அவள் முன்னே நடந்தாள், சிநேகிதி பின்னே வந்தாள். பதிலுக்கு "ம்" என்று மட்டும் கேட்டது. தேயிலைக் காட்டைக் கடந்ததும் சில்வண்டு மறுபடி கத்தத் தொடங்கியது. ஊர்மிளாவுக்கு அழுகை வரும்போல ஆறுதலாக இருந்தது.

பின்னால் வந்த காலடியில் ஒரு நொண்டல். "என்ன, உமக்குமோ கொப்புளம்?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கடிக்குது" என்றது பின்னால் இருந்த குரல். புகாரில் நின்றதால் தொண்டை கட்டியிருக்கும் என்று ஊர்மிளா நினைத்தாள்.

பெரிய ரோட்டில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரர் சோலைமலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாங்கில் உட்கார்ந்தார்கள். அவர் இரண்டு வெறுந்தேத்தண்ணியும் ஒரு தட்டில் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? மழையே இல்லியே?"

ஊர்மிளா கீழே பார்த்தாள். வாசலில் இருந்து வாங்கு வரைக்கும் ஈரக் காலடிகள். அவளுடையவை அல்ல. அவளுடைய சப்பாத்தில் இருந்தது செம்புழுதி.

பக்கத்தில் இருந்தவள் முகத்துணியை அவிழ்த்தாள். தொப்பியைக் கழற்றினாள். சீனியில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து, நாக்கால் ஒரு தொடு தொட்டு, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆனவர்கள் அப்படித்தான் குடிப்பார்கள்.

ஷாமிலாவின் மூக்கு, ஷாமிலாவின் நெற்றி. ஆனால் கண்ணோரத்தில் அந்தச் சிரிப்புக் கோடுகள் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில நாளான ஒரு பிள்ளையின் முகம்.

"நீர் ஆர்?" என்றாள் ஊர்மிளா. தெரிந்தேதான் கேட்டாள்.

"தனுஜாங்க டீச்சர்."

"ஷாமிலா எங்க?"

"அக்கா மேல நிக்குது. படங்கை வாங்கிக் கட்டிக்கிச்சு." பெண் உள்ளங்கையை நக்கினாள். "நான் நல்லா ஏசிட்டேன். மதியத்துக்கு மேல வர்றேன்னுட்டு இவ்வளவு நேரமாக்கிட்டியேக்கான்னு. மழை வேற விடல. அக்கா ஒண்ணும் சொல்லல, அழுதுச்சு. அப்புறம் சப்பாத்தைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டுச்சு. எனக்குப் பெருசா இருக்குன்னேன். பரவாயில்ல, போட்டுக்கோ, டீச்சர் சப்பாத்தைப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னுச்சு."

ஊர்மிளா எழுந்து ஓடினாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கொப்புளம் உடைந்து குதி நனைந்தது. ஓடும்போதே ஷாமிலாவின் கைபேசிக்கு அழைத்தாள். மணி அடித்தது, பின்னால், கடைக்குள், அந்தப் பிள்ளை சுமந்து வந்த பைக்குள். பாலம், பலகை, தேயிலைக் காடு எல்லாம் கடந்து வடுவின் விளிம்புக்கு வந்து நின்றாள். புகார் இல்லை. வெயில் அடித்தது. மலையில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. காய்ந்த மானாப் புல்லும் வெடித்த செம்மண்ணும்தான். வாகை மரத்தடியில் அவளுடைய ஊன்றுகோல் கிடந்தது, பக்கத்தில் கோணலாகப் பிய்த்துப் போட்ட பிளாஸ்டர்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். "நான் விட்டிருக்க மாட்டன்! அதாலதான் சொல்லேல்லை, என்ன?"

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தன்னைக் கருவியாக்கிவிட்டாள் என்ற கோபம். நாலு வருடம் ஒருத்தி இப்படி ஒரு கணக்கை மனதில் சுமந்துகொண்டு முன்னே நடக்க, பின்னே வந்த நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேனே என்ற வெட்கம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நாளாவது பக்கத்தில் நடந்திருக்கலாம். பாதை அகலமாக இருந்த இடங்களும் இருந்தன.

எத்தனை நேரம் கூப்பிட்டாளோ, தொண்டை போனதும் திரும்பி வந்தாள். கடையில் சோலைமலை ஒரு மூலையில் ஒதுங்கி நின்று நெற்றியில் திருநீற்றை அப்பிக்கொண்டிருந்தார். "சரிஞ்சதுக்கு அப்புறம் அந்த மலைக்கு யாரும் போறதில்லம்மா" என்று மட்டும் சொன்னார். பிள்ளை வாங்கில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா தேடுவாங்க டீச்சர். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

என்ன செய்ய முடியும்? அவளை அங்கே விட முடியாது. திரும்பக் கொண்டுபோய் விடவும் மனம் துணியாது. அப்படி ஒரு எண்ணம் ஒரு கணம் வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊர்மிளா ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தாள். நடந்து வந்து சேர வேண்டிய டிக்கோயாவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பாதி வழியில் வண்டி ஏறிப் போனாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது வீட்டு வாசலில் இறங்கினார்கள். ஷாமிலாவின் தாய் ஜீவராணி கதவைத் திறந்தார். வழி முழுவதும் ஊர்மிளா சொற்களைக் கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

ஜீவராணி அலறவில்லை, மயங்கி விழவில்லை. கையை நீட்டி அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். "வந்துட்டியா" என்றார். "வா, உள்ள வா. நனைஞ்சு போயிட்டியே." நாலு வருடம் காணாமல் போனவளை அல்ல, அடுத்த அறைக்குப் போயிருந்தவளைக் கூப்பிடுகிற குரல் அது. தலையைத் துவட்டினார், சப்பாத்தைக் கழற்றினார், குதியில் இருந்த கொப்புளங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கழற்றிய சப்பாத்தைக் கதவோரம் தள்ளி வைத்தார். அது யாருடையது என்று கேட்கவில்லை.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இந்த வெயில்ல நடந்து களைச்சுப் போயிருப்பீங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

ஊர்மிளா மேசையருகே உட்கார்ந்தாள். மருந்துப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். இதோ இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். மூத்தவள் எங்கே என்று ஒரு சொல். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடலாம்.

ஜீவராணி அடுப்படியில் இருந்து கோப்பைகளைக் கொண்டுவந்தார். ஒன்றைத் தனக்கு வைத்தார். ஒன்றைத் தனுஜாவுக்கு வைத்து, பக்கத்தில் சீனியை வைத்தார். ஒன்றை ஊர்மிளாவுக்கு வைத்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு மகளின் அருகில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கைச் சீனியை நக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

ஊர்மிளா அடுப்படி வாசலைப் பார்த்தாள். இன்னும் ஒரு கோப்பை வரும் என்று பார்த்தாள். கேத்தலை மூடியாயிற்று. நாலு வருடம் ஒரு பொழுது தவறாமல் ஒருத்திக்காகத் தேத்தண்ணி ஆறிய வீட்டில், அன்றைக்கு ஆறுவதற்கு ஒரு கோப்பை இல்லை.

"குடிங்க டீச்சர்" என்றார் ஜீவராணி.

ஊர்மிளா குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, ஷாமிலா வழக்கமாக உட்காரும் யன்னலோரக் கதிரைக்கு முன்னால் வைத்தாள். சீனி வைக்கவில்லை. அவள் சீனி தொட மாட்டாள்.